பேரூர்த் தீர்த்தம்

இந்தச் செம்பைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கறீங்களா கண்ணு? ஒரு கை கம்பிக்கு, ஒரு கை பூக்கூடைக்குன்னு ஆயிப்போச்சு. செம்புக்குக் கை இல்ல. பயப்படாதீங்க, தண்ணிதான். வாயில வாழையெல வெச்சு நூலுல கட்டியிருக்கு. நேரா மட்டும் புடிச்சுக்குங்க. ஆங், அப்பிடித்தான். மகராசனா இருப்பீங்க.

அட, பக்கத்துல எந்திரிக்கிறாரே. நல்ல நேரம். அப்பாடா. செம்பு உங்ககிட்டயே இருக்கட்டுங்க, எம்மடியில கூடை இருக்குது. பேரூர்ல இருந்து நின்னுக்கிட்டே வாறேன். விடியக்காலையில போயி ஆத்துல முழுகி, கோயிலுக்குள்ள போயிக் கும்புட்டு, அய்யர்கிட்டக் கெஞ்சி அபிசேகத் தண்ணிய வாங்கிக்கிட்டு வாறேன். வெறுந் தண்ணி இல்லீங்க அது. அதனாலதான் நேராப் புடிங்கன்னு சொன்னது.

எறங்கறது பவுண்டரி ஸ்டாப்புங்க, இரும்பு உருக்கி ஊத்தற எடம். நீங்க அதுக்கும் அக்கட்டப் போறீங்களா? அப்ப நல்லதாப் போச்சு. அந்த ஸ்டாப்புக்கு அந்தப் பேரே எந் தம்பியாலதான் வந்துச்சு. மாரப்பன். இன்னைக்கு அந்தப் பக்கம் எந்தத் தோட்டத்துக் கெணத்துல வேணும்னாலும் எட்டிப் பாருங்க, மாரப்பன் பேரு பொறிச்ச பம்புதான் ஓடும். நாந்தான் அவனுக்கு அக்கா. பாத்தாத் தெரியலயில்ல? சேலையப் பாத்து ஏமாந்துறாதீங்க. தம்பி மொதலாளியா இருந்தவன்னா அக்காளும் காருலதான் போவோணுமா? கார் அனுப்பறேன்னுதான் சொன்னாங்க. வேண்டாம்னுட்டேன். கார்ல போனா டிரைவர் செம்பைப் பாத்துப்போடுவான். பாத்தா அங்க போயிச் சொல்லுவான். சொன்னாப் பவுண்டரி ஆளுக புடுங்கி வெச்சுக்குவாங்க.

ஏன்னு கேக்கறீங்களா? அது பெரிய கதைங்க. வண்டி போயிச் சேர நேரமாவும், சொல்றேன். என்ற மனசுல கெடந்து வேகற கதை.

அப்பவெல்லாம் கெணத்துல மாட்டைக் கட்டித்தான் எறைக்கிறது. கரண்டு அப்பத்தான் வந்துச்சு. கரண்டு வந்ததும் சீமையில இருந்து கப்பல்ல பம்பு வந்துச்சு. வசதியானவங்க வாங்கி மாட்டுனாங்க. அதுல ஒரு சில்லு ஒடைஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க, மறுபடி கப்பல் வாற வரைக்கும் வெள்ளாமை காஞ்சு போவும். எங்க தோட்டத்துலயே அப்பிடிக் கரும்பு காஞ்சுது. எங்கய்யன், எங்களப் பெத்தவரு, வயித்துல அடிச்சுக்கிட்டு நிக்கறாரு, மாரப்பன் பாட்டுக்கு ஒடைஞ்சு போன பம்பைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டுப் புதுப் பொண்டாட்டியப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். இத நாமளே ஊத்தலாங்கய்யா, இரும்பை உருக்கி மண்ணு அச்சுல ஊத்துனா இதுதாங்கய்யான்னான். எங்கய்யன் செருப்பக் கழட்டிட்டாரு.

ஆனா அவன் விடலீங்க. அவன் புடிச்சா உடும்புதான். தோட்டத்து மேக்கால மூலையில ஒரு கொட்டாய் போட்டு, ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கா உலை கட்டுனான். பழைய இரும்பு, கரி, சுண்ணாம்புக் கல்லு, எல்லாம் வண்டி வண்டியா வந்து எறங்குது. எங்கூட்டுக்காரரு பாருங்க, அவரு நல்லா வெள்ளாமை பாத்துக்கிட்டு இருந்தவரு, மச்சினன் கூப்புட்டான்னு ஏரை விட்டுப்போட்டு அங்க போயி நின்னுக்கிட்டாரு. மாமனும் மச்சினனும் மூஞ்சியெல்லாங் கரியாத்தான் வீட்டுக்கு வருவாங்க. சிரிப்பு வேற.

ரெண்டு வாட்டி உருக்குனாங்க. ரெண்டு வாட்டியும் உலைக்குள்ளயே கட்டியா எறுகிப் போச்சு. ஊரே சிரிச்சுது. எங்கய்யன் கூப்புட்டு ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டாரு. சித்திரை பொறக்கறதுக்குள்ள ஊருக்கு முன்னால ஒரு பம்பு ஊத்திக் காட்டு, இல்லைன்னா உலைய இடிச்சுப்போட்டு மாட்டுக் கொட்டாய் ஆக்கிருவேன்னு. எங்கய்யன் சொன்னாச் சொன்னதுதான். மாரப்பன் சோறே உங்கலீங்க அன்னைக்கு.

அப்பறந்தான் மெட்ராசுல இருந்து ஒரு மேஸ்திரியக் கூட்டிக்கிட்டு வந்தான். அருளப்பன்னு பேரு. கழுத்துல சிலுவை. குரலு இருக்குது பாருங்க, மேக்கால காட்டுல கத்துனாக் கெழக்கால காட்டுல கேக்கும். வந்த அன்னைக்கே கொட்டாயச் சுத்திச் சுண்ணாம்புல ஒரு கோடு போட்டாரு. கோட்டுக்கு உள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரக் கூடாதுன்னுட்டாரு. குடிக்கறதுன்னா வெளிய வந்து குடிச்சுப்போட்டுக் கையத் தொடச்சுக்கிட்டு உள்ள போவோணுமாம். மேகம் வந்து மானம் மூடுனா உலையே மூட்ட மாட்டாரு. நீங்களே சொல்லுங்க, அனல்ல வேகற மனுசனுக்குத் தண்ணி இல்லையாம். எங்கயாவது உண்டா இது?

எனக்குத் தெரியாதே அது. எங்கூட்டுக்காரருக்குத் தாகமா இருக்கும்னு செம்புல தண்ணி மொண்டுக்கிட்டு உள்ள போயிட்டேன். அந்தாளு ஓடியாந்து எங்கையில இருந்து புடுங்கி வெளிய வீசுனாரு பாருங்க! எங்காத்தா சீராக் குடுத்த செம்பு. கல்லுல பட்டு நசுங்கிப் போச்சு. இதே செம்புதாங்க, உங்க மடியில இருக்கறது. அடிப்பக்கம் விரல வெச்சுப் பாருங்க, ஒரு சொட்டை இருக்குதா? அதுதான். நானும் சொட்டை எடுக்காமத்தான் வெச்சிருக்கறேன், மறந்தரக் கூடாதுன்னு.

அப்ப அந்தாளு சொன்னாரு, "தண்ணி பட்டா இரும்பு சீறும் அம்மணி, ஆளத் தின்னுபோடும்"னு. இரும்பு என்ன நாகப்பாம்பா, சீறறதுக்கு? எங்கூர்ல கொல்லன் பழுக்கக் காச்சுன கத்தியத் தண்ணிக்குள்ளதான முக்கறான்? சுர்ருங்குது, அடங்கிப் போவுது. அவன என்ன தின்னுபோட்டுதா? எனக்குக் காது குத்தறாரு மேஸ்திரி. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சுங்க. அந்தாளுக்கு நம்ம சாமி ஆவாது. நம்ம தீர்த்தம், நம்ம கலசம் உள்ள வந்தரக் கூடாதுன்னுதான் இந்தக் கோடு, இந்தக் கத்தலு எல்லாம்.

அதுக்குத் தோதா என்ன ஆச்சுன்னா, ஊரக் கூட்டி ஊத்தற நாளு குறிச்சாச்சு. நான் மாரப்பன்கிட்டப் போயி, ரெண்டு வாட்டி கெட்டுப் போனதே பூசை இல்லாமத்தான், பேரூர்த் தீர்த்தம் கொண்டாந்து உலைக்கும் அச்சுக்கும் தெளிச்சுப்போட்டு ஆரம்பின்னேன். அவன் மேஸ்திரி மூஞ்சியப் பாக்கறான். மேஸ்திரி, சூடம் காட்டுங்க, பூப் போடுங்க, எல்லாம் கோட்டுக்கு வெளிய, தண்ணி மட்டும் ஆவாதுங்கறாரு. மாரப்பனும் அவரு சொல்றதுதாங்கக்கான்னுட்டான். கூடப் பொறந்தவ பேச்சு எடுபடல, நேத்து வந்தவன் பேச்சு எடுபடுது.

நானும் லேசுப்பட்டவ இல்ல. அன்னைக்கு விடியறதுக்கு முன்னாலயே வண்டி பூட்டிப் பேரூர் போயி, இதே செம்புல இதே தீர்த்தத்தக் கொண்டாந்துட்டேன். நான் கொட்டாய்க்கு வந்தப்ப ஆளுக எல்லாம் வெளிய பழைய சோறு குடிச்சுக்கிட்டு இருக்கறாங்க. மேஸ்திரி உலைக்குப் பொறத்தால காத்து ஊதற மெசின் கிட்டக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறாரு. மண்ணுல அச்சு அடிச்ச பெட்டிக வரிசையா இருக்குது. ஒவ்வொரு பெட்டிக்கும் மேல ஒரு வாயி, அதுவழியாத்தான் இரும்பை ஊத்தறது. குப்பை விழுகாம ஓடு வெச்சு மூடியிருக்கறாங்க.

நான் முந்தானைக்குள்ள செம்ப மறைச்சுக்கிட்டுக் கோட்டத் தாண்டுனேன். மொதப் பெட்டி ஓட்ட எடுத்தேன். பொறந்த கொழந்தைக்குச் சேனை வெக்கறோமல்ல, சக்கரத் தண்ணிய நாக்குல தொட்டு வெக்கறமாதிரி, அப்பனே, பட்டீசுவரா, எங்க குடும்பத்துக்கு இது மொதக் கொழந்தைன்னு சொல்லி, உள்ளங்கையில ஊத்தி ஊத்தி மூணு வாட்டி அந்த வாயில விட்டேன். மண்ணு அப்பிடியே உறிஞ்சிக்கிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. மறுக்காவும் ஓட்ட மூடிப்போட்டேன். மத்தப் பெட்டிகளுக்கும் விட்டிருப்பேன், அதுக்குள்ள ஆள் அரவம் கேட்டுச்சு. வெளிய வந்துட்டேன்.

ஏனுங்க, ஜன்னல்ல வெயில் அடிக்குதா? மூஞ்சியெல்லாம் வேர்த்துப்போச்சே உங்களுக்கு. செம்பு கனமா இருந்தாச் சொல்லுங்க. கனமில்லையா? சரி.

ஊரே வந்துருச்சு. எங்கய்யன் நடுவுல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டாரு, மூஞ்சியில ஈயாடல. மாரப்பன் தாடியத் தடவறான், தடவறான். இன்னைக்குத் தப்புனா உலை இல்லைன்னு எல்லாருக்குந் தெரியும். மேஸ்திரி கம்பியால குத்தி உலையோட அடைப்பத் தொறந்தாரு. வந்துச்சு பாருங்க இரும்பு. செகப்பா இல்லீங்க, வெள்ளையா, பாக்க முடியாத வெள்ளையா. பெரிய வாளிக்கு ரெண்டு பக்கமும் தண்டு. முன்னால எங்கூட்டுக்காரரு, பின்னால ஒரு ஆளு. மொதப் பெட்டிக்கு வந்தாங்க. சாய்ச்சாங்க.

வெடி வெச்ச மாதிரி ஒரு சத்தங்க. பெட்டி அப்பிடியே எகிறுச்சு. கூரை ஓடெல்லாம் பறந்துது. ஊத்துன இரும்பு மேல போயிச் சொட்டுச் சொட்டா மழையாட்டம் எறங்குது. சனம் எல்லாம் ஓ-ன்னு ஓடுது. எங்கூட்டுக்காரரு மூஞ்சியப் பொத்திக்கிட்டு அப்பிடியே உக்காந்தாரு. கைய எடுக்கவே இல்ல. மாரப்பனுக்கு முழங்கையில எலும்பு தெரிஞ்சுது. நான் கத்தறது எனக்கே கேக்கலீங்க, காது அடைச்சுப் போச்சு.

அந்த மேஸ்திரி என்ன பண்ணுனாருன்னு கேளுங்க. ஓடல. உலையில இரும்பு நின்னா எறுகிப் போவும், ஊத்துங்கடான்னு கத்திக்கிட்டு, எங்கூட்டுக்காரரு விட்ட தண்ட அந்தாளே தோள்ல தூக்கிக்கிட்டாரு. ரெண்டாவது பெட்டி ஊத்துனாங்க, ஒண்ணும் ஆவல. மூணாவது, நாலாவது, ஒண்ணும் ஆவல. எல்லாம் அமைதியா வாங்கிக்கிச்சு. மக்யா நாள் விடிஞ்சதும் பெட்டிய ஒடைச்சாங்க, உள்ள பம்பு முழுசா இருந்துச்சு. எங்கய்யன் அதத் தொட்டுப் பாத்துப்போட்டு, சரி, உலை இருக்கட்டும்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மாரப்பன் பொழைச்சது அன்னைக்குத்தான். எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு பார்வையும் போச்சு. அதுவும் அன்னைக்குத்தான்.

யோசிச்சுப் பாருங்க கண்ணு. இருந்த கெடுதல் அத்தனையும் அந்த மொதப் பெட்டி வாங்கிக்கிச்சு. தீர்த்தம் விட்ட பெட்டியல்லவா? அதுதான் தன்மேல இழுத்துக்கிச்சு. நான் மட்டும் அன்னைக்கு அந்தத் தீர்த்தத்த விடலைன்னு வெச்சுக்குங்க, அத்தன பெட்டியும் வெடிச்சிருக்கும், ஒரு உசுரு மிஞ்சியிருக்காது.

இத நான் அன்னைக்குப் பொழுதோடயே மாரப்பன்கிட்டச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல கையில கட்டோட உக்காந்திருந்தான். மேஸ்திரியும் பக்கத்துல தூணுல சாஞ்சுக்கிட்டு நின்னாரு. தம்பி மனசொடிஞ்சு போயிருக்கானே, ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன். சாமி, நீ கலங்காத, மொதப் பெட்டி வாயில நான் பேரூர்த் தீர்த்தம் விட்டிருந்தேன், அதனாலதான் இந்த மட்டோட போச்சுன்னேன். மாரப்பன் தலையத் தூக்கி என்னையப் பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான். அந்தப் பார்வைய நான் இன்னும் மறக்கலீங்க. அது என்ன பார்வைன்னு வெளங்கவும் இல்ல. அப்பறமா மெதுவாச் சொன்னான்.

"அக்கா, இத வேற யார்கிட்டயும் சொல்லிப்போடாத. மாமன்கிட்டக் கூடச் சொல்லாத."

நல்ல காரியத்த ஏன் மறைக்கோணும்? எனக்குப் புரியல. ஆனா எங்கூட்டுக்காரர்கிட்ட மறைக்க மாட்டேன் நான். கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரு காதுல அன்னைக்கே சொல்லிப்போட்டேன். கேட்டுப்போட்டு, எங்கைய ஒருவாட்டி அழுத்திப் புடிச்சாரு.

மக்யா நாள் ஊர்ப் பஞ்சாயத்துல மேஸ்திரிய நிக்க வெச்சாங்க. எங்கய்யன் புளியமரத்துல கட்டி வெச்சுத் தோல உரிங்கடாங்கறாரு. அந்தாளு தோள்த்துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, என்னைய ஒருவாட்டி பாத்துப்போட்டுச் சொன்னாரு.

"ஈரம் எம் மண்ணுல இருந்துச்சுங்க. என் தப்புங்க."

அவரே வாயால ஒத்துக்கிட்டாருங்க! நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல. ஊரே கேட்டுச்சு. அடிக்க வந்தவங்களுக்கு முன்னால மாரப்பன் போயிக் குறுக்கால நின்னுக்கிட்டான். அடிக்க விடல. அதாவது பரவால்ல, வேலைய விட்டாவது அனுப்போணுமல்ல? அதுவும் இல்ல. சாவற வரைக்கும் அந்தாளுதான் பெரிய மேஸ்திரி. வருசா வருசம் பூசையன்னைக்கு மொத மாலை அந்தாளு கழுத்துலதான். எங்கூட்டுக்காரரு பார்வையக் கெடுத்தவனுக்கு மொத மாலை! என்னைய? அன்னைல இருந்து என்னையக் கோட்டுக்கு உள்ள விடல. எந்த அக்காளுக்காவது நடக்குமா? பூசைக்குப் போனா வெளிய நாற்காலி போட்டு, பட்டுச்சேலை குடுத்து, கையில செம்பு இருக்குதா, கொடம் இருக்குதான்னு ஆள் வெச்சுப் பாப்பான் என்ற தம்பி. திருடியப் பாக்கற மாதிரி.

அந்த அருளப்பன் வேற, ஞாயித்துக்கெழம ஆனா மாதா கோயிலுக்குப் போயிட்டு நேரா எங்கூட்டுக்கு வந்துருவாரு. எங்கூட்டுக்காரரு கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்து, இன்னைக்கு இத்தன பம்பு ஊத்துனோம், புதுசா இன்ன ஊருக்குப் போவுதுன்னு சொல்லுவாரு. இவரும் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். சாவற வரைக்கும் அந்தாளுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்லீங்க நான். அந்தாளும் கேட்டதில்ல.

நான் அந்தாளத் திட்டறப்ப எல்லாம் எங்கூட்டுக்காரரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. விடு புள்ள, விடு புள்ளைம்பாரு, அவ்வளவுதான். கடைசியாப் படுத்தப்பச் சொன்னாரு, அந்தச் செம்பைக் கெணத்துல போட்டுருன்னு. நோவுல பெனாத்தறாருன்னு விட்டுப்போட்டேன். எங்காத்தா சீரு, எப்பிடிப் போடறது? மாரப்பனும் அப்பிடித்தான். போன தையில போய்ச் சேந்தானே, அப்ப எங்கையப் புடிச்சுக்கிட்டு, அக்கா, உலைகிட்ட மட்டும் போவாத, எனக்குச் சத்தியம் பண்ணுன்னான். சாவறப்பக் கூட மனசு எறங்கல பாருங்க அவனுக்கு. நான் சத்தியம் பண்ணல.

எங்க வந்திருக்குது வண்டி? இன்னும் ரெண்டு ஸ்டாப்பு. சரி, சீக்கிரம் சொல்லிப்போடறேன்.

இப்பப் புது உலை கட்டியிருக்கறாங்க. அந்தக் காலத்து உலையாட்டம் நாலு மடங்கு. வாளிக்குள்ளயே ஆள் முழுசா நிக்கலாம்னு மயிலாத்தா சொன்னா. மயிலாத்தா எம் மகளுங்க. மாரப்பன் மகன் ராக்கியப்பனுக்குத்தான் அவளக் குடுத்திருக்குது. இப்ப அவன்தான மொதலாளி. தங்கமான பையன், பழசு எதுவுந் தெரியாது, யாருஞ் சொல்லவும் இல்ல. அத்தை, ஐயன் இல்ல, நீங்கதான் பெரியவங்க, இன்னைக்கு நீங்க உள்ள வந்து நின்னு தொவக்கி வெக்கோணும்னுட்டான். உள்ள வான்னு! அந்த வார்த்தைய எத்தன வருசமா எதிர்பாத்தேன் தெரியுமா? அழுதே போட்டேன்.

மொத வார்ப்ப அவனே பக்கத்துல நின்னு ஊத்த வெக்கப் போறானாம். மயிலாத்தாளும் ஒட்டுக்கா நிக்கறாளாம். அதுக்குத்தான் இது. அன்னைக்கு ஒரு பெட்டிக்குத்தான் தண்ணி விட முடிஞ்சுது, அதனாலதான் எங்கூட்டுக்காரரு பார்வையோட போச்சு. இன்னைக்குக் கொற வெக்க மாட்டேன். வாளியிலயும் விட்டு, எல்லாப் பெட்டி வாயிலயும் விட்டுருவேன். நெறையக் கொண்டாந்திருக்கறேன், பாத்தீங்கல்ல? சனம் வாறதுக்கு முன்னாலயே போயிருவேன். கோயில் கும்புடற கெழவி, என்னைய யாரு சோதிக்கப் போறாங்க? சோதிக்கறவங்கதான் எல்லாம் போயிட்டாங்களே.

இந்தா, ஸ்டாப்பு வந்துருச்சு. அந்தப் பொகை தெரியுது பாருங்க, அதுதான். மூட்டிப்போட்டாங்க உலைய. செம்பக் குடுங்க கண்ணு. புண்ணியமாப் போச்சு உங்களுக்கு.

குடுங்க கண்ணு. கண்டக்டரு விசிலு குடுத்தர்றாரு. இருங்க கண்டக்டரே, எறங்கோணும், எறங்கோணும்!

ஏனுங்க, கைய எடுங்க. என்ன இப்பிடிக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டீங்க? எலை கிழியுது பாருங்க. தண்ணி, ஐயோ, தண்ணி போவுது. விடுங்க கண்ணு. என்ன வேணும் உங்களுக்கு? வாயத் தொறந்து பேசுங்களேன்.

ஏன் என்னைய அப்பிடிப் பாக்கறீங்க?

மாரப்பனும் அன்னைக்கு ஆஸ்பத்திரியில இப்பிடித்தான் பாத்தான்.